குறையறிந்து ஊட்டுதல்: கர்ப்பகால இரத்த அழுத்தமும் உணவும்



தாய்சேய் நலம் பற்றி ஆண்டுதோறும் இக்கல்லூரியில் ஒருவர் பேச வேண்டும் என்பது, ஒரு குடும்பத்தார் தம் தாயாரின் நினைவாக நிறுவியுள்ள இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இவ்வாண்டு அந்தப் பொறுப்பை எனக்குத் தந்தீர்கள். கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் சீராக இருக்க உணவும் வைட்டமின்களும் எவ்வளவு துணை செய்யும் என்பதைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வெளியே வந்த நாள் முதல் அவளைச் சுற்றி அறிவுரை பெருகுகிறது. மாமியார் ஒன்று சொல்கிறார். கைப்பேசியில் வரும் காணொளி வேறொன்று சொல்கிறது. கடைகளில் சத்து மாத்திரைகளும் மாவு டப்பாக்களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் மரபணுவைப் பார்த்து உங்களுக்கென்றே உணவுப் பட்டியல் தருகிறோம் என்று விற்பவர்களும் வந்துவிட்டார்கள். இவற்றில் எது ஆய்வில் நிலைத்தது, எது ஆசையில் பிறந்தது என்று பிரித்துக் காட்டுவது இன்றைய தேவை என்று கருதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கருத்து. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சத்து, அது குறைந்திருப்பவளுக்கே பலன் தரும். நிறைந்திருப்பவளுக்கு அதை மேலும் மேலும் கொடுப்பதால் பலன் இல்லை, சில வேளை தீங்கும் உண்டு. ஆகவே கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். இனி நான் சொல்பவை எல்லாம் இந்தக் கருத்துக்கான சான்றுகளே.

அழுத்தம் ஏறுவது ஏன்?

கர்ப்பகாலத்தில் தாயின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. இவ்வளவு கூடியும் நலமாக உள்ள தாய்க்கு அழுத்தம் ஏறுவதில்லை. இரத்தக் குழாய்கள் தளர்ந்து இடம் கொடுப்பதால், கர்ப்பத்தின் நடுப்பகுதியில் அழுத்தம் சற்று இறங்கவே செய்கிறது. கடைசி மாதங்களில் மெல்லப் பழைய அளவுக்குத் திரும்புகிறது. இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது.

இந்த ஏற்பாடு சிலருக்குத் தவறிப்போகிறது. 20 வாரங்களுக்குப் பிறகு அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் சென்று, சிறுநீரில் புரதம் கசிந்தாலோ, கல்லீரல், சிறுநீரகம், இரத்தத் தட்டணுக்கள் போன்றவை பாதிக்கப்பட்டாலோ அதை ப்ரீஎக்லாம்ப்சியா என்கிறோம். உலக அளவில் நூறு கர்ப்பங்களில் இரண்டு முதல் எட்டு வரை இதற்கு ஆளாகின்றன. அழுத்தம் 160/110-ஐத் தொட்டால் அது அவசர நிலை. கவனியாமல் விட்டால் வலிப்பு வரும். நம் பாட்டிமார் ஜன்னி கண்டது என்று அஞ்சி அஞ்சிப் பேசியவற்றுள் இதுவும் ஒன்று. பிரசவகால மரணங்களுக்கு இரத்தப்போக்கோடு சேர்த்து எண்ணப்படும் பெருங்காரணங்களுள் இரத்த அழுத்த நோய்களும் அடங்கும்.

நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பைச் சுவரின் சுருள் தமனிகள் விரிந்து நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக இரத்தம் தர வேண்டும். இந்நோய் வருபவர்களில் பலருக்கு அவை போதிய அளவு விரிவதில்லை. இரத்தம் போதாத நஞ்சுக்கொடி, தாயின் இரத்தத்தில் சில புரதங்களைக் கலக்கிறது. எஸ்.எஃப்.எல்.டி-1 என்னும் புரதம் மிகுவதால் தாயின் குழாய்களின் உட்சுவர் பழுதுபடுகிறது என்பதை 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அதை நடத்திய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆனந்த் கருமஞ்சி சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி.

இதை இவ்வளவு விரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நோயின் தொடக்கம் கர்ப்பத்தின் முதற்பாதியிலேயே நேர்ந்துவிடுகிறது. அழுத்தம் ஏறுவது பின்னால் வரும் அடையாளம். ஆகவே எட்டாம் மாதத்தில் அழுத்தம் ஏறிய பிறகு ஒரு கீரையாலோ ஒரு வைட்டமினாலோ அதை இறக்கிவிட முடியாது. உணவு செய்யக்கூடிய உதவி முன்னதாகவே, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே, தொடங்க வேண்டிய உதவி.

குன்னூர் கற்றுத்தந்த பாடம்

ஊட்டக்குறையைத் தேடிக் கண்டுபிடித்து நிரப்புவது என்ற முறைக்கு நம் மண்ணிலேயே ஒரு முன்னோடி உண்டு. இலண்டனில் மருத்துவம் பயின்ற லூசி வில்ஸ் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கடும் இரத்தசோகை வாட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் கிருமி என்று சிலர் நினைத்தார்கள். வில்ஸ் அந்தப் பெண்களின் சாப்பாட்டைப் பார்த்தார். பழமும் காய்கறியும் அரிதாகவே இருந்தன. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவர் ஆய்வு தொடர்ந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் கோஷா மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை தீர்கிறது என்று 1931-இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது.

குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் வளர்த்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்திய உணவுப் பொருள் ஒவ்வொன்றிலும் என்ன சத்து எவ்வளவு என்று நமக்கு அட்டவணை போட்டுத் தருவது அந்த நிறுவனம்தான். வில்ஸ் செய்தது எளிய காரியம்: நோயாளி என்ன சாப்பிடுகிறாள் என்று பார்த்தார். அந்தப் பார்வை இல்லாமல் எந்த ஊட்டச்சத்து அறிவியலும் இல்லை.

சுண்ணாம்புச்சத்தின் கதை

இரத்த அழுத்தத்துக்கு வருவோம். உணவுச் சத்துக்களில் கர்ப்பகால அழுத்தத்தோடு மிக நெருங்கிய தொடர்பு உடையது கால்சியம் எனப்படும் சுண்ணாம்புச்சத்து. இந்தத் தொடர்பு தெரியவந்த இடம் குவாத்தமாலா. அங்குள்ள மாயா இனப் பெண்கள் ஏழைகள்; ஆனால் அவர்களிடையே ப்ரீஎக்லாம்ப்சியா குறைவாகவே இருந்தது. அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து வேகவைத்து, அரைத்து ரொட்டி தட்டுவார்கள். அதனால் உணவிலேயே கால்சியம் நிறையச் சேர்ந்தது. ஹோசே பெலிசானும் ஹோசே வில்லாரும் இதைக் கவனித்து, கால்சியக் குறைவே நோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று 1980-இல் கருதுகோள் வைத்தார்கள். கால்சியம் குறையும்போது பாராதைராய்டு ஹார்மோன் மிகுந்து, இரத்தக் குழாய்த் தசைகளின் உள்ளே கால்சியம் கூடி, குழாய்கள் சுருங்குகின்றன என்பது அதற்கு அவர்கள் தந்த விளக்கம்.

பின்பு சோதனைகள் நடந்தன. அர்ஜென்டினாவில் 1,194 பெண்களிடம் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2 கிராம் கால்சியம் பெற்றவர்களில் 9.8 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 14.8 சதவீதத்தினருக்கும் அழுத்த நோய் வந்தது. எங்கும் நம்பிக்கை பிறந்தது. அமெரிக்காவில் 4,589 பெண்களிடம் அதே அளவைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1997-இல் முடிவு வந்தது: பலன் இல்லை. கால்சியம் பெற்றவர்களில் 6.9 சதவீதம், பெறாதவர்களில் 7.3 சதவீதம். வேறுபாடு ஒன்றுமில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஒரே சத்து, ஒரே அளவு, இரண்டு விடைகள். இரண்டு ஆய்வுகளும் நேர்மையானவை. அமெரிக்கப் பெண்களின் அன்றாட உணவிலேயே கால்சியம் போதுமான அளவு இருந்தது. நிறைந்த இடத்தில் மேலும் ஊற்றியதால் எதுவும் மாறவில்லை. இந்த முரணைத் தீர்க்க உலக நலவாழ்வு நிறுவனம், நாளுக்கு 600 மில்லிகிராமுக்கும் குறைவாகக் கால்சியம் உண்ணும் மக்களிடையே 8,325 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. இந்தியாவும் அதில் இடம்பெற்றது. 2006-இல் வெளிவந்த அதன் முடிவு நுட்பமானது. நோய் வந்தவர்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் நோயின் கடுமை குறைந்தது. வலிப்பும் கட்டுக்கடங்காத அழுத்தமும் குறைந்தன. இதை அடியொட்டி, கால்சியம் குறைவாக உண்ணும் நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை கொடுக்கலாம் என்று அந்த நிறுவனம் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2014-இல் வகுத்த நெறிமுறை நாளுக்கு 1 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு என்று சொல்கிறது.

அண்மைச் செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. பெங்களூரிலும் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலும், ஓர் ஊருக்கு 11,000 பேர் வீதம், தலைச்சன் பிள்ளையைச் சுமந்த பெண்களிடம் 500 மில்லிகிராமையும் 1,500 மில்லிகிராமையும் ஒப்பிட்டார்கள். 2024 தொடக்கத்தில் முடிவு வெளிவந்தது. ப்ரீஎக்லாம்ப்சியாவைத் தடுப்பதில் குறைந்த அளவு பின்தங்கவில்லை. பெங்களூரில் 500 பெற்றவர்களில் 3.0 சதவீதத்தினருக்கும் 1,500 பெற்றவர்களில் 3.6 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. பெரிய பெரிய மாத்திரைகளை நாளுக்கு மூன்று விழுங்க முடியாமல் குப்பையில் போடும் பெண்களுக்கு இது நல்ல செய்தி. குறையை நிரப்பும் அளவு போதும். அதற்கு மேல் கொடுப்பது வீண்.

வைட்டமின்கள் மீது வைத்த நம்பிக்கை

கால்சியத்தின் கதை பாதி வெற்றி. வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியவற்றின் கதை வேறு. ப்ரீஎக்லாம்ப்சியா உள்ளவர்களின் இரத்தத்தில் ஆக்சிஜனேற்றச் சிதைவு மிகுந்திருப்பது தெரியும். அப்படியானால் அதைத் தடுக்கும் வைட்டமின்களைக் கொடுத்தால் நோய் குறைய வேண்டும் அல்லவா? இலண்டனில் 283 பெண்களிடம் நடந்து 1999-இல் வெளியான சிறிய ஆய்வு, ஆம், குறைகிறது என்றது. உலகம் முழுவதும் மருத்துவர்கள் மகிழ்ந்தோம்.

அடுத்து பெரிய ஆய்வுகள் வந்தன. பிரிட்டனில் சுமார் 2,400 பெண்களிடமும் ஆஸ்திரேலியாவில் 1,877 பெண்களிடமும் நடந்த ஆய்வுகள் 2006-இல் வெளிவந்தன. அமெரிக்காவில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்தது 2010-இல் வெளிவந்தது. மூன்றிலும் பலன் இல்லை. பிரிட்டன் ஆய்வில் வைட்டமின் பெற்ற தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தன. இன்று உலக நலவாழ்வு நிறுவனம் இந்த நோக்கத்துக்காக இவ்விரண்டையும் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுவதற்கு இது தடை அன்று, தாராளமாகச் சாப்பிடலாம். 1,000 மில்லிகிராம் மாத்திரையாக்கி அழுத்தத்துக்கு மருந்தென்று விழுங்குவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

ஃபோலிக் அமிலமும் இதே பாடத்தையே சொல்கிறது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே அதை எடுத்துக்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடு தடுக்கப்படும் என்பது 1991 முதல் ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. அதை ஒவ்வொரு பெண்ணும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அழுத்தம் ஏறும் வாய்ப்பு அதிகமுள்ள சுமார் 2,400 பெண்களுக்குப் பத்து மடங்கு அளவாக 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ப்ரீஎக்லாம்ப்சியா சற்றும் குறையவில்லை.

வைட்டமின் டி குறைந்த பெண்களிடம் இந்த நோய் அதிகம் காணப்படுவது உண்மை. ஆயினும் அமெரிக்காவில் நாளுக்கு 4,400 அலகு கொடுத்துப் பார்த்த ஆய்வு, 400 அலகு பெற்றவர்களைவிட அதிகப் பாதுகாப்பு கிடைத்ததாகக் காட்டவில்லை. இரண்டு சங்கதிகள் சேர்ந்தே காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. மாணவியரே, நீங்கள் இனி எந்த ஊட்டச்சத்து விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள்.

அடுப்படியில் உலவும் நம்பிக்கைகள்

கால் வீங்கினால் நீர் கோத்திருக்கிறது என்பார்கள். உடனே உப்பை நிறுத்துவார்கள், தண்ணீரைக் குறைப்பார்கள், பார்லித் தண்ணீர் மட்டும் கொடுப்பார்கள். கர்ப்பத்தில் பாதம் சற்று வீங்குவது பலருக்கும் இயல்பு. முகமும் கையும் திடீரென வீங்கினால்தான் அது எச்சரிக்கை. அதற்குச் செய்ய வேண்டியது அன்றே அழுத்தத்தை அளந்து பார்ப்பது. உப்பை அறவே நிறுத்தினால் ப்ரீஎக்லாம்ப்சியா தடுக்கப்படும் என்பதற்குச் சான்று இல்லை. எல்லோருக்கும் சொல்லப்படும் நாளுக்கு 5 கிராம் என்ற அளவு கர்ப்பிணிக்கும் பொருந்தும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் நொறுக்குத் தீனி இவற்றைக் குறைத்தாலே பெரும்பாலும் அந்த அளவுக்குள் வந்துவிடலாம்.

அதிமதுரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருமலுக்கும் தொண்டைக்கும் நாம் பழகிய மருந்து அது. அதில் உள்ள கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். நாட்டு மருந்துக் கடைப் பொடிதானே என்று கர்ப்பிணிக்கு அதைத் தொடர்ந்து கொடுக்காதீர்கள். சுண்ணாம்புச்சத்து நல்லது என்று நான் சொன்னதைக் கேட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பைக் கூட்டவும் வேண்டாம். பாக்கும் புகையிலையும் தாய்க்கும் சேய்க்கும் கேடு.

குழந்தை பெருத்தால் பிரசவம் கடினமாகும் என்று வயிற்றைக் கட்டுவது ஒருபுறம். இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று இருமடங்கு திணிப்பது மறுபுறம். மெலிந்த பெண்ணுக்கு முதல் அறிவுரை தவறு. எடை மிகுந்த பெண்ணுக்கு இரண்டாவது அறிவுரை தவறு. இருவருக்கும் ஒரே அறிவுரை சொல்வது எல்லாவற்றிலும் பெரிய தவறு.

இலையில் என்ன இருக்கிறது?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் கர்ப்பிணிக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று வரையறுத்தது. நம் தட்டில் மலைபோல் இருப்பது தீட்டிய அரிசிச் சோறு. 100 கிராம் அரிசியில் கால்சியம் 10 மில்லிகிராம்கூட இல்லை. நாளுக்கு 400 கிராம் அரிசி பொங்கிச் சாப்பிட்டாலும் 40 மில்லிகிராம் தேறாது. அதே 100 கிராம் கேழ்வரகில் 360 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருக்கிறது. முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். பசும்பாலில் 100 மில்லிக்கு 120-ஐ ஒட்டி. எள்ளில் 1,000-ஐத் தாண்டும். முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலி போன்ற சிறு மீன்களும் நல்ல ஊற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகு மாவில் களியோ கூழோ அடையோ. ஒரு கைப்பிடியளவாக 50 கிராம் முருங்கைக்கீரை. பாலும் தயிருமாக 400 மில்லி. இவை மூன்றும் சேர்ந்தால் 1,000 மில்லிகிராமை நெருங்கிவிடும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் அதில் உள்ள ஃபைட்டேட் குறைந்து சத்து உடலில் நன்றாகச் சேரும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். ஆனால் நாளுக்கு 400 மில்லி பால் வாங்க முடியாத வீடுகள் நம்மிடம் ஏராளம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும் சுண்ணாம்புச்சத்து மாத்திரை சலுகை அன்று. அவளுக்கு உரிய உணவின் ஒரு பகுதி.

மாத்திரையை விழுங்கும் முறையும் முக்கியம். கால்சியம் மாத்திரையை உணவோடு சேர்த்து எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக்கூடாது; ஒன்று மற்றொன்றை உடலில் சேரவிடாது. இடையில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம். எல்லா மாத்திரைகளையும் மறந்துவிடாமல் இருக்க ஒரே பிடியாக இரவில் போட்டுக்கொள்ளும் பெண்கள் பலர். அவர்கள் மாத்திரை விழுங்கியும் சத்து சேராமல் நிற்பவர்கள். இதை எடுத்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

மூன்று பெண்கள்

தனிநபர் ஊட்டம் என்பதற்கு மூன்று பெண்களை எண்ணிப் பாருங்கள்.

முதலாமவள் காவிரிக் கரையில் கூலி வேலை செய்யும் இளம்பெண். தலைப்பிரசவம். மெலிந்த உடல். காலையில் பழைய சோறு, இரவில் சோறும் ரசமும். இவளுக்குக் கால்சியம், புரதம், வயிறார உணவு எல்லாமே குறை. அங்கன்வாடி சத்துமாவும், முட்டையும், கால்சியம் மாத்திரையும் இவளுக்குப் பெரிய பாதுகாப்பு. முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் தொடங்கி இன்றும் நம் அரசு நடத்திவரும் மகப்பேறு உதவித் திட்டத்தின் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் இவளைத் தேடிச் சேர வேண்டும்.

இரண்டாமவள் நகரத்தில் அலுவலகம் செல்பவள். வயது முப்பத்தைந்து. எடை மிகுதி, சர்க்கரை, தாய்க்கும் அழுத்தம் உண்டு. பாலும் தயிரும் தவறாமல் உண்கிறாள். இவளுக்கு மேலும் கால்சியம் கொடுத்து அழுத்தத்தைத் தடுக்கலாம் என்று நினைத்தால் ஏமாறுவோம். சர்க்கரைக் கட்டுப்பாடு, அளவான எடைக்கூடல், அன்றாட நடை, பருப்பும் காயும் மிகுந்து சோறு குறைந்த தட்டு, இவையே இவளுக்கான ஊட்டம்.

மூன்றாமவளுக்கு முதல் பிரசவத்தில் வலிப்பு வந்தது. இப்போதும் அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாள். இவள் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அழுத்தத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாதவை. அவற்றை மாற்ற வேண்டும்.

பின்னிரு பெண்களுக்கும் உணவைவிட உறுதியான ஒரு துணை உண்டு. அது குறைந்த அளவு ஆஸ்பிரின். அழுத்தம் ஏறும் வாய்ப்பு மிகுந்தவர்களைக் கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் கண்டறிந்து, இரவுதோறும் 150 மில்லிகிராம் கொடுத்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. குறைமாதத்திலேயே பிரசவிக்க வைக்கும் ப்ரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. எந்த வைட்டமினும் இதற்கு அருகில் வரவில்லை. ஆனால் இதையும் எல்லோரும் தாமாக வாங்கி விழுங்கக்கூடாது. யாருக்கு, எந்த அளவு, எப்போது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்பதால் முதற்பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த மூவரையும் பிரித்தறிய மரபணுச் சோதனை தேவைப்படவில்லை. "ஏம்மா, நேத்து காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிட்ட?" என்று நர்சம்மா கேட்கும் ஒரு கேள்வியும், ஒரு எடை இயந்திரமும், ஒரு இரத்த அழுத்தக் கருவியும் போதும்.

உணவால் ஆகாதது

உணவின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். வலிப்பு வந்த தாயைக் காப்பாற்ற சென்னையில் மருத்துவர் கிருஷ்ண மேனன் வகுத்த மருந்து முறையை 1961-இல் அவர் வெளியிட்டார். நாடெங்கும் பல ஆண்டுகள் அது பின்பற்றப்பட்டது. பின்னர் 1995-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, மெக்னீசியம் சல்ஃபேட் ஊசியே மற்ற மருந்துகளைவிடச் சிறந்தது என்று நிறுவியது. 2002-இல் 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, அந்த ஊசி வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று காட்டியது. அதே மெக்னீசியத்தை மாத்திரையாகக் கர்ப்பம் முழுவதும் கொடுத்தால் நோய் வராது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஊசியாக உயிர் காக்கும் பொருள் சத்து மாத்திரையாகவும் காக்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. பல பெண்களுக்குக் கடைசி நிமிடம் வரை எந்தத் தொந்தரவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் அளந்தாக வேண்டும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, கையின் பருமனுக்கு ஏற்ற பட்டையைச் சுற்றி அளக்க வேண்டும்.

இங்கே நம் வழக்கம் ஒன்றைக் குறிப்பிடுகிறேன். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம். அழுத்தம் ஏறத் தொடங்கும் காலமும் அதுவே. ஊர் மாறும்போது மருத்துவமனையும் மாறுகிறது. பல வேளை இடையில் சில வாரங்கள் யாரும் அழுத்தம் பார்ப்பதில்லை. வளைகாப்புத் தட்டில் வளையலோடு அவளுடைய கர்ப்பகாலப் பதிவேட்டையும் வைத்து அனுப்புங்கள். தாய்வீடு போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். கடுந்தலைவலி, பார்வை மங்கல், விலாவுக்குக் கீழே வயிற்று வலி, மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

குழந்தை பிறந்தவுடன் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. பிரசவமான மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அழுத்தம் உச்சத்தைத் தொடலாம். கர்ப்பத்தில் ப்ரீஎக்லாம்ப்சியா வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே அவள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தியச் சாப்பாடு என்ற பெயரில் பிள்ளை பெற்றவளின் தட்டைக் காலியாக்குவதும் நிற்க வேண்டும். பாலூட்டும் தாய்க்குத் தேவை 1,200 மில்லிகிராம் கால்சியம். கர்ப்பத்தில் இருந்ததைவிடக் கூடுதல்.

மாணவியருக்கு

நாளை நீங்கள் உணவியல் வல்லுநர்களாகவும் செவிலியர்களாகவும் பணிக்குச் செல்வீர்கள். புறநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரியும். அச்சடித்த ஒரே தாளை எல்லோர் கையிலும் கொடுத்து அனுப்பத் தோன்றும். அப்போதும் எதிரில் இருப்பவளிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: என்ன சாப்பிடுகிறாய்? வீட்டில் என்ன வாங்க முடியும்? மாத்திரையை எப்போது, எதோடு போடுகிறாய்? உனக்கோ உன் அம்மாவுக்கோ முன்பு அழுத்தம் இருந்ததா? விடை எதுவோ அதற்கேற்பச் சொல்லுங்கள். குறை இருந்தால் நிரப்புங்கள். குறை இல்லையென்றால் மாத்திரை வேண்டாம் என்று துணிந்து சொல்லுங்கள். வாய்ப்பு மிகுந்தவள் என்றால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அறக்கட்டளை நிறுவிய குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சொற்பொழிவு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. இதனோடு, இக்கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்களின் துணை சுகாதார நிலையங்களுக்குச் சரியாக இயங்கும் இரத்த அழுத்தக் கருவிகளையும், பருத்த கைக்கும் மெலிந்த கைக்கும் பொருந்தும் பட்டைகளையும் நீங்கள் வாங்கித் தந்தால், உங்கள் தாயாரின் பெயரால் பல தாய்மார் பிழைப்பார்கள். மாணவியர் அந்த ஊர்களுக்குச் சென்று கர்ப்பிணிகளின் ஒரு நாள் உணவைக் கேட்டு எழுதி வரட்டும். எந்த ஊரில் எந்தச் சத்து குறைவு என்பதை அந்தக் குறிப்பேடுகளே சொல்லிவிடும். இந்தப் பணியை வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள் என்று கேட்டு அமைகிறேன்.